லினக்ஸ் டெஸ்க்டாப்பை வெறுந்தரையிலிருந்து கட்டுவது

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: 4 ஜிபி நினைவகமும் 1366×768 திரையும் கொண்ட பழைய மடிக்கணினி. இணையத்தில் பார்த்த அழகான லினக்ஸ் டெஸ்க்டாப் ஒன்றின் அமைப்புக் கோப்புகளை இறக்கி, அப்படியே உங்கள் கணினியில் போட்டீர்கள். பாதி வேலை செய்யவில்லை. மீதி எதற்கு இருக்கிறதென்று புரியவில்லை. எளிமையாகவும் உங்களுக்கென்றே அமைந்ததாகவும் ஒரு டெஸ்க்டாப் வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

பிறருடைய அமைப்புக் கோப்பு என்பது அவருடைய பழக்கங்களின் தடம். அவர் விசைப்பலகையில் எந்த விரலை எங்கே வைக்கிறார், எத்தனை திரைகள் வைத்திருக்கிறார், எந்த எழுத்துருவை நிறுவியிருக்கிறார் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். அவர் தன் வீட்டுக் கோப்புறையில் எழுதி வைத்திருக்கும் சிறு நிரல்களை அந்தக் கோப்பு பெயர் சொல்லி அழைக்கும். உங்களிடம் அந்த நிரல்கள் இருக்காது. பிழைச் செய்தி எதுவும் வராமல் திரையோரப் பட்டையில் ஓர் இடம் காலியாக நிற்கும். எனவே நீங்கள் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை. தொடங்கிய இடம்தான் சரியில்லை.

டெஸ்க்டாப் சூழல் என்று நாம் சொல்லும் க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ போன்றவை ஒவ்வொன்றும் பல சிறு நிரல்களின் தொகுதி. சாளரங்களை வரைந்து இடம் ஒதுக்கும் சாளர மேலாளர் அதில் ஓர் உறுப்பு மட்டுமே. திரையைப் பூட்டுவது, கடவுச்சொல் கேட்பது, அறிவிப்புகளைக் காட்டுவது, பென் டிரைவைச் செருகியதும் திறப்பது, மின்கலம் தீரும் முன் எச்சரிப்பது என்று கண்ணுக்குத் தெரியாமல் பத்துப் பன்னிரண்டு வேலைகளை மற்ற உறுப்புகள் செய்துகொண்டிருக்கும். அந்தத் தொகுதியை எடுத்துவிட்டுச் சாளர மேலாளரை மட்டும் வைக்கும் நாளில் இந்த வேலைகள் அனைத்தும் கேட்பாரற்று நின்றுவிடும். எளிய டெஸ்க்டாப்பைக் கட்டுவதில் பாதி வேலை, இந்த மறைவான வேலைகள் எவை என்று தெரிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஆள் வைப்பதுதான். வண்ணமும் பின்புலப் படமும் அதற்குப் பிறகு வருபவை.

தொடங்கும் முன் நினைவகக் கணக்கைப் பார்த்துவிடுவோம். வெறும் சாளர மேலாளரோடு தொடங்கும் கணினி சில நூறு எம்பியில் நின்றுவிடும். முழு டெஸ்க்டாப் சூழல் ஒரு ஜிபியைத் தொடலாம், தாண்டவும் செய்யலாம். 4 ஜிபி கணினியில் இந்த வித்தியாசம் மதிப்புள்ளதுதான். ஆனால் உலாவியில் பத்துத் தாவல்களைத் திறந்த பிறகு நினைவகத்தின் பெரும்பகுதியை உலாவியே எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பை இளைக்க வைத்தால் உலாவி இளைக்காது. அதற்கு உதவுவது இசட்ராம். நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட இடமாற்று இடமாகப் பயன்படுத்தும், இயங்குதளத்தின் கருவான கெர்னலின் வசதி அது. எந்த டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்தாலும் அதை இயக்கிவிடுங்கள்.

இன்னொன்று: இப்போது பயன்படுத்தும் சூழலை அழிக்காதீர்கள். ஸ்வே என்ற சாளர மேலாளரை, ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்புக்குள்ளேயே ஒரு சாளரமாகத் திறந்து பார்க்கலாம். முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், அதன் பெயரை அடித்தால் போதும். உள்ளே ஒரு குட்டி டெஸ்க்டாப் திறக்கும். சில குறுக்குவிசைகளை வெளியில் இருக்கும் சூழல் பிடித்துக்கொள்ளும் என்பது தவிர, முதல் சில நாட்களின் பயிற்சிக்கு இது தாராளம். அதோடு, சோதனைக்கென்று கணினியில் இரண்டாவது பயனர் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். எல்லாக் குழப்பமும் அந்தக் கணக்கின் கோப்புறைக்குள் அடங்கிவிடும். உங்கள் அன்றாட வேலை தடைபடாது.

இந்தப் பயிற்சி நாட்களில் இன்னொரு வேலையும் செய்யச் சொல்வேன். ஒரு தாளை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு நீங்கள் கணினியில் உண்மையில் என்ன திறக்கிறீர்கள் என்று குறித்து வாருங்கள். எந்த நிரல், எதற்குப் பக்கத்தில் எது, எதை அடிக்கடி மாற்றி மாற்றிப் பார்க்கிறீர்கள் என்பது வரை. நான் முதல்முறை இப்படிக் குறித்தபோது, என் நாளில் உலாவி, எழுதும் நிரல், முனையம், பிடிஎஃப் படிப்பான் ஆகிய நான்கைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் தொடவில்லை என்பது தெரிந்தது. அந்த நான்குக்கும் நான்கு விசைகள். என் டெஸ்க்டாப்பின் வடிவம் அந்தத் தாளிலேயே முடிவாகிவிட்டது. உங்கள் தாளில் வேறு வரும். அதுதான் உங்களுக்குரிய அமைப்பின் வரைபடம்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி. அடியில் இருக்கும் காட்சி அமைப்பு இரண்டு வகை. எக்ஸ்11 என்பது 1987இல் வந்தது. வேலாண்ட் 2008இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பர்க் தொடங்கியது. எக்ஸில் ஒரு நிரல் இன்னொரு நிரலில் நீங்கள் அடிக்கும் விசைகளைப் படித்துவிட முடியும். வேலாண்ட் நிரல்களைத் தனித்தனியே பிரித்து வைக்கிறது. பெரிய டெஸ்க்டாப் சூழல்களும் எக்ஸைக் கைவிட்டு வேலாண்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன. புதிதாகக் கட்டுபவர் பழைய அடித்தளத்தில் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சாளர மேலாளர்களில் நான் பரிந்துரைப்பது ஸ்வே. மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009இல் தொடங்கிய ஐ3 என்ற சாளர மேலாளரின் வழியில், அதே அமைப்புக் கோப்பு முறையோடு வேலாண்டுக்காக எழுதப்பட்டது இது, 1.0 பதிப்பு 2019இல் வந்தது. சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், சுவரில் ஓடு பதித்ததுபோல் பக்கம் பக்கமாகத் தாமே பொருந்திக்கொள்ளும். அமைப்பு முழுவதும் ஒரே உரைக்கோப்பில் இருக்கும். அசைவுகளும் மங்கலான கண்ணாடி விளைவுகளும் இதில் இல்லை. அவை வேண்டுமென்றால் ஹைப்பர்லேண்ட் இருக்கிறது, ஆனால் உங்கள் கணினியின் வயதுக்கு ஸ்வேதான் பொருத்தம். ஓடு பதிக்கும் முறை சிலருக்குப் பிடிப்பதில்லை. சாளரங்களைச் சுட்டியால் இழுத்து வைப்பதுதான் உங்கள் இயல்பு என்றால் லேப்-டபிள்யூ-சி என்பதைப் பாருங்கள். ஓப்பன்பாக்ஸ் என்ற பழைய சாளர மேலாளரின் முறையை வேலாண்டுக்குக் கொண்டுவந்தது அது. ராஸ்பெர்ரி பை கணினிகளின் இயங்குதளம் 2024 முதல் அதைத்தான் இயல்பாகத் தருகிறது. சிறிய கணினியில் அது தாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு இவ்வளவு வேலையா என்று தோன்றினால், எக்ஸ்எஃப்சிஇயை நிறுவி, வேண்டாத பட்டைகளையும் தானாகத் தொடங்கும் நிரல்களையும் நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதுவும் நேர்மையான எளிமைதான். கட்டுவதில் ஆர்வம் இல்லாதவர் கட்ட வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

அடிப்படை இயங்குதளமாக டெபியனின் நிலைப் பதிப்பை எடுங்கள். சிறிய நிறுவல் கோப்பை இறக்கி நிறுவும்போது, எந்த மென்பொருள் வேண்டும் என்று கேட்கும் திரை வரும். அங்கே டெஸ்க்டாப் சூழல், க்னோம் என்ற இரண்டு குறிகளையும் எடுத்துவிட்டு, அடிப்படைக் கருவிகளை மட்டும் விட்டுவையுங்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் வைஃபை அட்டைகளை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரும் நிறுவல் கோப்பிலேயே வருவதால், முன்பிருந்த பெரிய தொல்லை ஒன்று தீர்ந்தது. நிறுவி முடித்தால் கறுப்புத் திரையில் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் ஒரு வரி மட்டும் இருக்கும். பயப்பட வேண்டாம், வெறுந்தரை என்று நான் சொன்னது இதைத்தான்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழும் ஒரு கல் உண்டு. நிறுவல் நிரல் உங்கள் வைஃபை இணைப்பைப் பழைய முறையில், இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கும். பிறகு நீங்கள் இணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரை நிறுவினால், அந்தக் கோப்பில் பெயர் இருக்கும் எந்த இணைப்பையும் அது தொடாது. நிர்வகிக்கப்படாதது என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வைஃபை அட்டையே பழுது என்று எண்ணி மறுபடி நிறுவியவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கோப்பில் வைஃபை தொடர்பான வரிகளின் முன்னால் ஒரு # குறியைப் போட்டு முடக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

அடுத்து ஸ்வே, ஃபூட் என்ற முனையம், நிரல்களைத் தேடித் திறக்கும் ஃபஸல், ஓர் உலாவி. முதல் நாளுக்கு இவ்வளவு போதும். உள்நுழைவுக்கென்று அழகிய திரை தேவையில்லை. முதல் முனையத்தில் உள்நுழைந்ததும் ஸ்வே தானாகத் தொடங்கும்படி, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரு நிபந்தனை வரி எழுதினால் போதும்.

ஸ்வேயோடு வரும் மூல அமைப்புக் கோப்பை உங்கள் கோப்புறைக்கு நகலெடுத்துத் திறந்து படியுங்கள். ஏறத்தாழ இருநூறு வரிகள்தான், அதிலும் கணிசமானவை விளக்கக் குறிப்புகள். ஒரு மணி நேரம் செலவழித்து வரிவரியாகப் படித்தால், பிறரின் அலங்காரக் கோப்புகளில் பத்து நாள் தேடினாலும் கிடைக்காத தெளிவு வரும். ஒரு வரியை மாற்றுங்கள், மறுபடி ஏற்றுங்கள், பாருங்கள். பிறகு அடுத்த வரி. கோப்பில் பிழை இருக்கிறதா என்று இயக்காமலே சரிபார்க்கும் தெரிவும் ஸ்வேயில் உண்டு.

அந்த மூலக் கோப்பின் கடைசி வரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கணினி முழுமைக்குமான ஒரு கோப்புறையில் இருக்கும் துணைக் கோப்புகளையும் சேர்த்துக்கொள் என்று சொல்லும் வரி அது. பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் உங்களைப்போல் ஒருவரின் கோப்பை எடுத்துப் போட்டேன். எல்லாம் அழகாக இருந்தது. ஆனால் எந்த நிரலைத் திறந்தாலும் அசையாமல் நின்று, வெகுநேரம் கழித்தே சாளரம் வந்தது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ஒவ்வொரு முறையும் 25 நொடி. ஒரே அளவாக 25 நொடி என்பதுதான் துப்பு. நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் என்ற அமைப்பில், கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் காத்திருக்கும் இயல்பான கெடு 25 நொடி. யாரோ யாரிடமோ எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அப்போது விளங்கியது.

கணினி நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டைப் புரட்டியதில் காரணம் கிடைத்தது. கோப்பு திறக்கும் உரையாடல், திரையைப் பகிர்வது, கருநிறத் தோற்றம் வேண்டுமா என்று கேட்பது போன்றவற்றுக்கு நிரல்கள் போர்ட்டல் என்ற பின்னணிச் சேவையை அழைக்கும். அந்தச் சேவை எந்தத் திரையில் வேலை செய்ய வேண்டும் என்பது, நிரல்களுக்குக் கைமாறும் சிறு மதிப்புகளான சில சூழல் மாறிகளில் இருக்கும். ஸ்வேக்கு அவை தெரியும். பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டிக்கும், டி-பஸ்ஸுக்கும் யாராவது சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்லும் துணைக் கோப்பைச் சில வழங்கல்கள், அதாவது லினக்ஸைத் தொகுத்துத் தரும் இயங்குதளங்கள், அந்தப் பொதுக் கோப்புறையில் வைத்திருக்கின்றன. நான் எடுத்துப் போட்ட கோப்பில் அந்தக் கடைசி வரி இல்லை. உங்களுக்குப் பாதி வேலை செய்யாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். துணைக் கோப்பு உங்கள் வழங்கலில் இல்லையென்றால், அந்த மாறிகளை டி-பஸ்ஸுக்கு அறிவிக்கும் கட்டளையை நீங்களே உங்கள் கோப்பில் எழுத வேண்டும். திரைப் பகிர்வு வேண்டுமென்றால் ஸ்வே வகைக்கென்று உள்ள போர்ட்டல் தொகுப்பையும் நிறுவ வேண்டும்.

மறைவான வேலைகளில் நான் முதலிடம் கொடுப்பது திரைப் பூட்டுக்கு. மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் கணினி உறங்கிவிடும். அதை சிஸ்டம்டியே பார்த்துக்கொள்கிறது. ஆனால் உறங்குவதும் பூட்டுவதும் வேறு வேறு. மூடியை யார் திறந்தாலும் நீங்கள் பாதியில் விட்ட கடிதம் அப்படியே திரையில் நிற்கும். திரையைப் பூட்டும் ஸ்வேலாக், கணினி சும்மா இருப்பதைக் கவனிக்கும் ஸ்வேஐடில் என்ற இரண்டையும் நிறுவி மூன்று விதிகளை எழுதுங்கள்: ஐந்து நிமிடம் தொடாவிட்டால் பூட்டு, பத்து நிமிடத்தில் திரையை அணை, உறங்கப்போகும் முன் பூட்டு. மூலக் கோப்பிலேயே இவை இயங்காத விளக்கக் குறிப்பாக எழுதப்பட்டிருக்கும். முன்னால் இருக்கும் # குறியை நீக்கினால் போதும். எழுதியபின் மூடியைச் சாத்தித் திறந்து கண்ணால் பாருங்கள். எழுதினோம், வேலை செய்யும் என்று நம்பி விடக்கூடிய இடம் இது அல்ல.

அடுத்தது மின்கலம். எச்சரிக்க யாரும் இல்லாததால் கணினி சட்டென்று அணையும், எழுதியது போய்விடும். மின்கலத்தில் எத்தனை விழுக்காடு மிச்சம் என்பதைக் கெர்னல் ஓர் உரைக்கோப்பாகவே காட்டுகிறது. திறந்தால் உள்ளே ஒரே ஓர் எண். அதைப் படித்து, 15க்குக் கீழே போனால் அறிவிப்பு அனுப்பும் ஐந்து வரி நிரலை எழுதி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இயங்கும்படி சிஸ்டம்டி டைமரில் வைத்துவிடுங்கள். முதல் நிரலாக எழுதிப் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அறிவிப்பைத் திரையில் காட்ட மாக்கோ வேண்டும். அது இல்லாவிட்டால் அனுப்பிய செய்தி எங்கும் தோன்றாது.

கடவுச்சொல் கேட்கும் முகவரையும் மறந்துவிடுவார்கள். நிர்வாகி உரிமை தேவைப்படும் வரைகலை நிரல் போல்கிட் என்ற அமைப்பிடம் அனுமதி கேட்கும். கேள்வியை உங்களிடம் கொண்டுவர முகவர் நிரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் நீங்கள் சொடுக்குவீர்கள், ஒன்றும் நடக்காது. லினக்ஸ் சரியில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர் முட்டியிருப்பது இந்தச் சுவரில்தான்.

ஒலிக்குப் பைப்வயரும் வயர்பிளம்பரும், திரை ஒளிக்குப் பிரைட்னெஸ்-சி-டி-எல், பென் டிரைவுக்கு யூடிஸ்கி, திரையில் தெரிவதைப் படமெடுக்க கிரிம்மும் ஸ்லர்ப்பும். இவை பெரும்பாலும் நிறுவினால் வேலை செய்பவை. ஒலி, ஒளி விசைகளை மட்டும் அமைப்புக் கோப்பில் இணைத்துவிடுங்கள்.

நகலெடுத்த உரை காணாமல் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் நகலெடுத்த வரி பொதுவான ஓர் இடத்தில் சேமிக்கப்படுவதாக நினைக்கிறோம். உண்மையில் அது மூல நிரலின் கையிலேயே இருக்கிறது, ஒட்டும்போதுதான் கைமாறுகிறது. இடையில் மூல நிரலை மூடினால் உரையும் போயிற்று. கிளிப்ஹிஸ்ட் போன்ற நிரல் நகல்களின் வரலாற்றை எடுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் நகலெடுக்கும் கடவுச்சொற்களும் அந்த வரலாற்றில் சேரும் என்பதை நினைவில் வைத்து, அவ்வப்போது அழிக்க வேண்டும். நான் இதை ஒரு குறுக்குவிசையில் வைத்திருக்கிறேன்.

குறுக்குவிசைகளுக்கு முதன்மை விசையாக ஆல்ட் வேண்டாம், விண்டோஸ் சின்னம் உள்ள விசையை வையுங்கள். ஆல்ட்டை நிரல்களே தமக்காகப் பயன்படுத்துகின்றன, மோதல் வரும். உங்கள் தாளில் அதிகம் வந்த நிரல்களுக்கு எளிதில் எட்டும் விசைகளைக் கொடுங்கள். ஸ்வே திரையைப் பல பணியிடங்களாக, மாறி மாறிப் பார்க்கும் தனித்தனித் திரைகளைப்போல், வைத்திருக்கும்; உலாவி எப்போதும் இரண்டாம் பணியிடத்தில்தான் திறக்கும் என்பதுபோல் இடங்களையும் நிலையாக ஒதுக்கலாம். நாளடைவில் கண் தேடாமலே கை போய்விடும். ஸ்வேயில் ஸ்கிராட்ச்பேட் என்ற மறைவிடம் ஒன்று உண்டு. குறிப்பெழுதும் சாளரத்தை அதில் போட்டுவிட்டால், எந்தப் பணியிடத்தில் இருந்தாலும் ஒரு விசையில் வரும், மறுபடி அழுத்தினால் மறையும். என் டெஸ்க்டாப்பில் எதைப் பறித்தாலும் சமாளிப்பேன், இதைத் தவிர.

தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். விசைப்பலகைத் தளக்கோலத்தையே தமிழுக்கு மாற்றியிருக்கும்போது, முதன்மை விசையோடு ஆங்கில ‘டி’ (d) விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஏனென்றால் தமிழ்99 அமைப்பில் அந்த விசை உகரம். ஸ்வே ‘டி’க்காகக் காத்திருக்கிறது, வந்து சேர்ந்ததோ வேறு எழுத்து. குறுக்குவிசை வரிகளில் ‘டு-கோட்’ என்ற தெரிவைச் சேர்த்தால், ஸ்வே எழுத்தைப் பார்க்காமல் விசை இருக்கும் இடத்தைப் பார்க்கும்; எந்த மொழியில் இருந்தாலும் குறுக்குவிசைகள் வேலை செய்யும்.

ஆனால் தமிழ்99க்குத் தளக்கோலத்தை மாற்றுவது மட்டும் போதாது. ககரத்தை அடுத்து இகரத்தை அடித்தால் ‘கி’ வர வேண்டும், வெற்றிடத்தை அடுத்து அடித்தால் ‘இ’ வர வேண்டும். முந்தைய எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இந்த அறிவு சாதாரணத் தளக்கோலத்துக்குக் கிடையாது. அதற்கு ஃப்சிட்டிக்ஸ் 5 போன்ற உள்ளீட்டு நிரலும், அதனுள் எம்17என் இணைப்பும் வேண்டும். தமிழ்99, ஒலியியல் இரண்டு முறைகளும் எம்17என்னில் இருக்கின்றன. இந்த வழியில் தளக்கோலம் ஆங்கிலமாகவே இருப்பதால் மேலே சொன்ன குறுக்குவிசைச் சிக்கலும் எழாது. நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

எழுத்துரு விஷயமும் அப்படியே. டெஸ்க்டாப் சூழல் இல்லாமல் நிறுவிய டெபியனில் தமிழ் எழுத்துரு வந்திருக்காது; தமிழ்ப் பக்கங்களில் வெறும் கட்டங்கள் தெரியும். அந்தக் கட்டங்களுக்கு டோஃபு என்று பெயர். ‘இனி டோஃபு இல்லை’ என்ற பொருளில்தான் நோட்டோ எழுத்துருக் குடும்பத்துக்கு அந்தப் பெயர் வந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் இருந்தால் கட்டங்கள் மறையும். அதோடு நிறுத்தாமல், ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று, எழுத்துருத் தேர்வைக் கவனிக்கும் ஃபான்ட்கான்ஃபிக்கின் கோப்பில் முறையாக வரிசைப்படுத்துங்கள். இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் பார்த்து உயரமும் தடிமனும் ஒத்துப்போகும் இணையைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப்பொழுது ஆகும். பின்புலப் படம் தேடும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். நாள் முழுவதும் நாம் பார்த்துக்கொண்டிருப்பது எழுத்தைத்தான்.

முனையத்தில் தமிழ் இன்னும் நேராகவில்லை. முனையம் திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வைக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடுகள். திரையில் அந்தக் குறி ககரத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற நூலகம் இல்லாத முனையத்தில் அது உடைந்து தெரியும். அலாக்ரிட்டி வேகமான முனையம்தான், ஆனால் எழுத்துகளைக் கோக்கும் இந்த வேலையை அது செய்வதில்லை. ஃபூட் செய்கிறது, அப்போதும் நீண்ட சொற்களில் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்பதுண்டு. கோப்புப் பெயர்களைப் படிக்கப் போதும். கட்டுரை எழுதுவதை முனையத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம், கேட் போன்ற வரைகலை எழுதியைத் திறந்துகொள்ளுங்கள்.

தோற்றத்துக்கு நான் அதிகம் சொல்ல மாட்டேன், அது உங்கள் கண்ணுக்கு உரியது. ஆனால் 768 புள்ளி உயரத் திரையில் சாளரங்களுக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள். படங்களில் அழகாகத் தெரிவது உங்களுக்கு இரண்டு வரி வாசிப்பைத் தின்றுவிடும். ஒளி ஊடுருவும் முனையமும் வேண்டாம், எழுத்தின் பின்னால் படம் தெரிந்தால் கண் களைத்துப்போகும். பட்டையில் நேரம், மின்கலம், வைஃபை போதும். கணினிச் செயலியின் வெப்பத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? பின்னணிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, இப்போது எந்தச் சாளரத்தில் இருக்கிறீர்கள் என்று காட்ட ஒன்று என மூன்று நிறங்களை முடிவு செய்து, அவற்றையே முனையத்திலும் பட்டையிலும் அறிவிப்பிலும் பூட்டுத் திரையிலும் வையுங்கள். வரைகலை நிரல்களை எழுத உதவும் கருவித்தொகுப்புகள் ஜிடிகே, க்யூட் என இரண்டு; ஜிடிகே நிரல்களுக்கும் க்யூட் நிரல்களுக்கும் தோற்ற அமைப்பு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் முழுதாக ஒன்றாக்க முயன்று நாட்களைக் கழிக்க வேண்டாம். எழுத்துருவும் சுட்டியின் அளவும் ஒத்துப்போனால் கண் மற்றதைப் பொருட்படுத்தாது.

முதல் நாளிலிருந்தே உங்கள் அமைப்புக் கோப்புகளை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியில் வையுங்கள். ஸ்டோ என்ற சிறு கருவி, ஒரே கோப்புறையில் இருக்கும் கோப்புகளுக்கு உரிய இடங்களில் இணைப்புகளை உருவாக்கித் தரும். கணினி மாறினாலும் சில நிமிடங்களில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். சாவிகளும் கடவுச்சொற்களும் அதற்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் செய்தேன் என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு வரியைப் பார்த்து, இது எதற்கு என்று விளங்காவிட்டால், அதை முடக்கிவிட்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள். எதுவும் குறையவில்லையென்றால் நீக்கிவிடலாம்.

நீங்கள் இறக்கி வைத்திருக்கும் அந்தப் பழைய கோப்புகளைத் தூக்கி எறிய வேண்டாம். கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வையுங்கள். உங்கள் அமைப்பு ஓடத் தொடங்கிய பிறகு, அந்தப் படத்தில் உங்களுக்குப் பிடித்தது எது என்று பாருங்கள். பட்டையின் வடிவமாக இருக்கலாம், சாளர ஓரத்தின் நிறமாக இருக்கலாம். அதைச் செய்யும் வரியை அந்தக் கோப்பில் தேடிப் பிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் உங்கள் கோப்புக்குக் கொண்டுவாருங்கள். ஏதாவது ஒரு வரி மசியவில்லையென்றால், அந்த வரியையும் பதிவேட்டில் வந்த செய்தியையும் சேர்த்துக் கேளுங்கள், பார்க்கலாம்.